மத்தியஸ்தர் கொலையும் ஐ.நா. என்ற சட்ட ஆளும்

ஒரு கம்பனிக்குக் கையுமில்லை, காலுமில்லை. ஆனாலும் அது காணி வாங்குது, கடன்படுது, வழக்கும் போடுது. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஓர் ஆள்தான். சரி, சர்வதேசச் சட்டத்தில் ஆள் என்பது யார்? அரசுகள் மட்டுமே என்பதுதான் நெடுங்காலமாகச் சட்ட அறிஞர்கள் பலரும் தந்த விடை. அந்த விடையை அசைத்தது பைத்துல் முகத்தஸ் நகரில் நடந்த ஒரு கொலை.

1948 மே மாதம் ஐ.நா. சுவீடன் நாட்டவரான போல்க் பேர்னடொட்டைப் பலஸ்தீன விவகாரத்தில் தன் மத்தியஸ்தராக நியமித்தது. விரட்டப்பட்ட அகதிகளுக்குத் தம் வீடுகளுக்குத் திரும்பும் உரிமை உண்டென்று அவர் அறிக்கை எழுதினார். அதில் ஒப்பமிட்ட மறுநாள், செப்டெம்பர் 17இல், லெஹி எனும் சியோனிச ஆயுதக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றனர். உடனிருந்த பிரெஞ்சுக் கேணல் அந்திரே செரோவும் பலியானார்.

இழப்பீடு கேட்பது யார்? சுவீடன் தன் பிரசைக்காகக் கேட்கலாம். அது பழைய வழக்கம். ஐ.நா. தன் பெயரிலேயே கேட்கலாமா? இஸ்ரேலோ அப்போது ஐ.நா.வில் உறுப்புரிமைகூடப் பெற்றிருக்கவில்லை. பொதுச்சபை இக்கேள்வியைச் சர்வதேச நீதிமன்றத்திடம் விட்டது.

1949 ஏப்ரல் 11இல் நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. ஐ.நா. ஓர் அரசல்ல, அரசுகளுக்கு மேலான அரசுமல்ல. ஆனால், ஒப்படைத்த பணியைச் செய்வதற்கு அது உரிமையும் கடமையும் தாங்கும் ஆளாக இருந்தே ஆகவேண்டும். உலக நாடுகளுள் மிகப் பெரும்பாலானவற்றைப் பிரதிநிதித்துவம் செய்த ஐம்பது நாடுகள் உண்டாக்கிய அந்த ஆளை, உறுப்பினரல்லாத நாடும் ஏற்கவேண்டும். 1950இல் இஸ்ரேல் 54,628 டொலரை ஐ.நா.வுக்குச் செலுத்தியது.

சட்டத்துக்கு உட்பட்ட ஆட்கள் எல்லாரும் ஒரே வகையினரல்லர், சமூகத்தின் தேவையே அவர்களின் தன்மையை முடிவு செய்கிறது என்றும் அதே கருத்தில் நீதிமன்றம் கூறியது. அப்படியானால் யாருடைய தேவை? பேர்னடொட் யாருக்காகப் பேசினாரோ அந்த ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகளுக்கும் தேவை இருந்ததுதானே! அவர்கள் ஊர் திரும்பவும், திரும்ப விரும்பாதோர் சொத்துக்கு இழப்பீடு பெறவும் பொதுச்சபை 1948 டிசெம்பர் 11இல் 194ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் அதைக் கேட்டு வழக்காட அவர்களுக்கென ஓர் அரசில்லை.

1974இல் பலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குப் பார்வையாளர் ஆசனம் கிடைத்தது. 2004இல், தடுப்புச் சுவர் பற்றிய கருத்தில், பலஸ்தீன மக்களின் சுயநிர்ணய உரிமையை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. 2012 நவம்பர் 29இல் 138 நாடுகளின் வாக்குகளால் பலஸ்தீன் உறுப்பினரல்லாத பார்வையாளர் அரசானது.

ஐ.நா.வை ஆளாக ஏற்கச் சட்டத்துக்கு ஏழு மாதம்கூடத் தேவைப்படவில்லை. 194ஆம் தீர்மானம் சொன்ன அகதிகளோ இன்னும் ஊர் திரும்பவில்லை.