நோயைக் காட்டும் நிலப்படம்

ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர்க்குப் பேகம்பேட்டை அயலூரன்று. அங்கேதான் 1897 ஆகஸ்டு 20 ஆம் நாள் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். தம் உடலைக் கொசுக்களுக்குக் கொடுத்த உசேன் கான் என்னும் நோயாளிக்குக் கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி கிடைத்தது. அன்று முதல் அக்காய்ச்சலுக்கு ஓர் இருப்பிடம் ஏற்பட்டது எனலாம். கொசு தேங்கிய நீரில் பிறக்கிறது. தேங்கிய நீருக்குத் தெருவும் திசையும் உண்டு. ஆகவே அதனை நிலப்படத்தில் குறிக்கலாம்.

அதற்கு முன்னரே லண்டனில் இவ்வழியைக் கண்டவர் ஜான் ஸ்நோ. 1854 இல் பிராட் தெருவைச் சூழ்ந்து வாந்திபேதி பரவியபோது, அவர் வீடு வீடாகச் சென்று, மாண்டவர் எந்தக் குழாயின் நீரைப் பருகினர் என்று விசாரித்தார். செப்டம்பர் 8 ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. படமே நோயை நிறுத்தியது என்று பலர் சொல்வதுண்டு. நாம் அதனை ஏற்பதற்கில்லை. நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது. படம் அறிஞர் அவைக்கு வந்ததோ டிசம்பரில். ஹென்றி ஒயிட்ஹெட் என்ற அப்பகுதிப் பாதிரியார் ஸ்நோவை மறுக்கவே புறப்பட்டார். ஆனால் அங்குள்ளாரை நன்கறிந்த அவரே, கிணற்றருகே ஒரு வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் கழிவுக்குழியில் சேர்ந்ததைக் கண்டறிந்தார். தெருவை அறிந்தவரின் சொல் சேர்ந்த பின்னரே ஸ்நோவின் கூற்று வலுப்பெற்றது.

ஐதராபாத்துக்கு மீள்வோம். 1908 செப்டம்பர் 28 இல் மூசி ஆறு பெருகி, பல்லாயிரவரைக் கொண்டு சென்றது. வெள்ளத்துக்குப் பின் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். உஸ்மான் சாகர், இமாயத் சாகர் என்னும் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1912 இல் நகரச் சீரமைப்புக் குழு அமைந்தது. அக்காலத்தில், 1912 முதல் 1915 வரை, லியனார்டு மன் என்பவர் நகரை நுணுக்கமாக அளந்து பல தாள்களில் படம் வரைவித்தார். மறைந்த ஏரிகளையும் பழங்கட்டடங்களையும் தேடுவோர் இன்றும் அவற்றை விரித்துப் பார்க்கின்றனர். எனினும் அவை பொறியாளர் மேசைக்கென்றே பிறந்தவை. அத்தெருக்களில் வாழ்ந்தோர் கையில் கொடுத்து, "இதில் உம் வீட்டைக் காட்டும்" என்று கேட்டுப் பார்க்க எவரும் எண்ணியிரார்.

இன்று அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது. ஐதராபாத் பாலாநகரிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 'புவன்' என்னும் இணைய நிலப்படத்தை 2009 இல் வெளியிட்டதிலிருந்து, விண்ணிலிருந்து எடுத்த படங்கள் யாவர்க்கும் எட்டுவனவாயின. அவற்றின்மேல் நோய்க் கணக்கை ஏற்றுவது எளிது. சுகாதார ஊழியர் அதனைப் படித்துணர்கிறாரா என்பதுதான் கடினமான வினா. இதற்குரிய சோதனை ஆடம்பரமற்றது. "இவ்வீட்டுக்கு அண்மையில் நீர் தேங்கும் இடம் எது?" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று வாய் திறவாமல் அருகிருந்து நோக்கவேண்டும். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என்று யாக்கோபு நீல்சன் 2000 இல் எழுதினார். தெலுங்கும் உருதும் தமிழும் ஒரே சந்தில் ஒலிக்கும் நகரில் ஐவர் போதுமா என்பது நம் ஐயம்.

இத்தகைய சோதனைகளில் வெளிப்படும் குறைகள் பல. நோயாளிகளின் தொகையை மட்டும் கொண்டு நிறம் தீட்டினால், மக்கள் மிகுந்த பேட்டை எப்போதும் சிவந்தே தோன்றும். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டாலன்றி உண்மை தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்களும் உண்டு. மற்றொன்று நுட்பமானது. ஸ்நோவின் படத்தில் ஒவ்வொரு சாவும் அவ்வவ் வீட்டோரத்திலேயே ஒரு கோடாக நின்றது. இன்று அவ்வாறு குறித்தால் அண்டை வீட்டார் விரல் நீட்டுவர். ஆதலால் புள்ளியைச் சற்றே இடம் மாற்றி வைப்பது ஒரு வழக்கம். அப்படி மாற்றிய புள்ளி ஏரியின் நடுவே போய் விழுமானால், ஊரறிந்த ஊழியர் சிரித்துவிட்டுப் படத்தை மூடிவிடுவார்.