ஃபில்லர் ஊசி போடப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான். புருவம் எடுக்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு பார்லருக்குப் போறீங்க. "உதட்டுக்கு ஃபில்லர் போட்டுக்கிறீங்களா? அரை மணி நேரம், பாதி விலை" என்று கேட்கிறார்கள். இல்லையென்றால், கிள்ளானில் வீட்டிலேயே வந்து போடுவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வருகிறது. என்ன சொல்வீங்க?

'வேண்டாம்' என்றுதான் சொல்ல வேண்டும். மலேசியாவில் ஃபில்லர் ஊசி ஒரு மருத்துவச் சிகிச்சை. பதிவு பெற்ற மருத்துவர், பதிவு பெற்ற மருத்துவ வளாகத்தில்தான் அதைப் போட வேண்டும். அழகுக்கலை சான்றிதழ் எத்தனை இருந்தாலும், பியூட்டிஷியன் ஊசியைத் தொட அனுமதி இல்லை.

ஃபில்லர் என்றால் என்ன?

தோலுக்கு அடியில் செலுத்தப்படும் ஜெல் போன்ற பொருள்தான் ஃபில்லர். உதடு, கன்னம், தாடை, மூக்குத் தண்டு, கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம் ஆகிய இடங்களை நிரப்பப் பயன்படுகிறது. அதிகம் பயன்படுவது ஹயலுரோனிக் ஆசிட் வகை. இது நம் உடலிலேயே இருக்கும் ஒரு பொருள். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஓராண்டு வரை, சில சமயம் அதற்கு மேலும் நிற்கும். பிறகு கரைந்துவிடும். போடாக்ஸ் வேறு: அது தசையைத் தளர்த்தும் மருந்து.

ஹயலுரோனிக் வகையில் ஒரு முக்கியமான வசதி உண்டு. ஏதாவது தவறினால், ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி அதைக் கரைக்கலாம். மற்ற வகை ஃபில்லர்களை இப்படிக் கரைக்க முடியாது. திரவ சிலிக்கான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முகத்துக்கோ உடம்புக்கோ அழகூட்ட அதை ஊசியாகப் போட அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்ததே இல்லை.

அப்படி என்னதான் ஆகும்?

வீக்கம், வலி, கன்றிய நீலத் தழும்பு எல்லாம் சகஜம். சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் போய்விடும். பயப்பட வேண்டியது வேறொன்று. ஜெல் தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டால், அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. தோல் செத்துப்போகலாம். மூக்கு, நெற்றி, புருவங்களுக்கு நடுப்பகுதி ஆகியவற்றின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. அங்கே அடைப்பு ஏற்பட்டால் பார்வை போகலாம், பக்கவாதமும் வரலாம். இது அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. பார்வை என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பார்லரா, கிளினிக்கா என்பது இதனால்தான் பெரிய விஷயமாகிறது. ஊசி போடக் கற்றுக்கொண்டவர்கள் பலர் இருக்கலாம். அடைப்பை உடனே கண்டுபிடித்து, கையில் இருக்கும் ஹயலுரோனிடேஸைப் போடத் தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பாதி விலையில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இந்தப் பாதுகாப்புதான்.

2020 அக்டோபரில், கோலாலம்பூர் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அது ஃபில்லர் இல்லை. ஆனால் மருத்துவச் சிகிச்சை மருத்துவ வளாகத்துக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்த உதாரணம் அது.

நம் தோல் நிறமும் கணக்கில் வரும்

அடைப்பு ஏற்பட்டால் தோல் வெளுக்கும் என்பார்கள். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்த வெளுப்பு பளிச்சென்று தெரியாது. சாம்பல் நிறம், வலைபோன்ற திட்டு, தோல் குளிர்ந்துபோவது ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். ஊசி குத்திய இடம் கருமையாக நிற்கும் வாய்ப்பும், தழும்பு தடித்துக் கெலாய்டாக மாறும் வாய்ப்பும் நம்மில் அதிகம். காது குத்திய இடம் உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ தடித்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் நீங்களே சரிபார்க்கலாம்

1. மருத்துவரா? மலேசிய மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் இணையத்தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். அந்த ஆண்டுக்கான தொழில் நடத்தும் சான்றிதழும் இருக்க வேண்டும்.

2. இதற்கு அனுமதி உண்டா? பொது மருத்துவர் என்றால், அழகியல் சிகிச்சைக்கு சுகாதார அமைச்சு தரும் எல்.சி.பி. கடிதம் அவசியம். தோல் நிபுணர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன் என்று சொன்னால், தேசிய நிபுணர் பதிவேட்டில் பாருங்கள்.

3. இடம் பதிவு பெற்றதா? 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி கிளினிக்குக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

4. உள்ளே போவது என்ன? ஃபில்லர் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. எம்.டி.ஏ. எனும் மருத்துவக் கருவி ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். போடாக்ஸ் மருந்து என்பதால், பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும். சீல் உடைக்காத பெட்டியை உங்கள் முன்னே திறக்கச் சொல்லுங்கள். பெயர், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. "ஹயலுரோனிடேஸ் இங்கே இருக்கா, டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஊசியே இல்லாமல் அழுத்தத்தில் செலுத்தும் 'ஹயலுரான் பேனா'வை ஆன்லைனில் வாங்கி நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம். எஃப்.டி.ஏ. 2021இல் இதற்கு எதிராக எச்சரித்தது.

யார் தள்ளிப்போட வேண்டும்?

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், அந்த இடத்தில் பருவோ புண்ணோ உள்ளவர்கள் காத்திருப்பது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், மரத்துப்போகும் ஊசிக்கு அலர்ஜி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். வயதும் முக்கியம்: எஃப்.டி.ஏ. ஃபில்லர்களுக்கு அனுமதி தந்திருப்பது 21 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான். விசேஷத்துக்கு முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். வீக்கம் வடிய நேரம் கொடுங்கள்.

போட்ட பிறகு ஏதோ சரியில்லையா?

கடுமையான வலி, தோல் நிறம் மாறுவது, பார்வை மங்குவது, பேச்சு குழறுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை பொறுக்காதீர்கள். பார்வையோ பேச்சோ பாதித்தால் உடனே 999க்கு அழையுங்கள். இல்லையென்றால் ஊசி போட்ட மருத்துவரை அழைத்துக்கொண்டே கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன ஃபில்லர், எத்தனை மணிக்கு, எங்கே போட்டது என்று சொல்லுங்கள். எடுத்துவைத்த படத்தைக் காட்டுங்கள்.

பார்லரில் போட்டிருந்தாலும் மறைக்காதீர்கள். 'அம்மா திட்டுவாங்க' என்று ஒளித்து வைக்கும் நேரத்தில்தான் தோலும் கண்ணும் பறிபோகின்றன. அனுமதியில்லாத இடம் என்றால், சுகாதார அமைச்சின் பொதுமக்கள் புகார் முறையான சிஸ்பாவில் புகார் கொடுக்கலாம். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு அது உதவும்.