மெலோசிரா இறங்கிய ஆழம்

வட துருவக் கடல் மைனஸ் 1.8 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். உறையும் நீர் தன்னிடமுள்ள உப்பை வெளியே தள்ளும். தள்ளப்பட்டதில் ஒரு பகுதி, பனிக்கட்டிக்குள்ளேயே மயிரிழை போன்ற குழாய்களில் அடர்ந்த உவர்நீராகத் தங்கிவிடுகிறது. அந்தக் குழாய்களிலும் பனிக்கட்டியின் அடிப்பரப்பிலும் மாட்டிக்கொண்ட நுண்பாசிகள் மாதக்கணக்கான இருட்டை அங்கேயே கழிக்கின்றன. அவற்றில் ஒன்று மெலோசிரா ஆர்க்டிகா. சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் டயாட்டம் அது. தனிச் செல்லாக இருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

சூரியன் திரும்பி வந்தாலும் உடனே வெளிச்சம் கீழே எட்டாது. பனிக்கட்டியைவிட அதன்மேல் பெய்து கிடக்கும் வெண்பனிதான் ஒளியை அதிகம் மறைக்கிறது. அது உருகினால் போதும், கிடைக்கும் சொற்ப வெளிச்சத்திலேயே மெலோசிரா பெருகும். பிரியும் செல்கள் விலகிப் போவதில்லை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சரமாக நீள்கின்றன. சரங்கள் பின்னிப் பிணைந்து, பனிக்கட்டியின் அடியில் ஆலம் விழுதுபோல ஒரு மீட்டர்கூடத் தொங்கும். தொட்டால் வழவழக்கும். பாசி வெளியிடும் ஆக்சிஜன் குமிழிகள் அந்த வழவழப்பில் சிக்கிக்கொள்வதால், பிய்ந்த கொத்துகளும் கொஞ்ச காலம் மிதந்துகொண்டிருக்கும்.

1893இல் ஃப்ராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு அதன் போக்கிலேயே பயணம் செய்தார் நார்வேயின் ஃப்ரிட்யோஃப் நான்சென். கோடையில் பனிமேல் தேங்கிய உருகுநீர்க் குட்டைகளில் பழுப்புக் கட்டிகளைப் பார்த்து, நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார், டயாட்டங்கள் தெரிந்தன. ஆழமில்லாத கடல் என்று நம்பிப் போனவர்கள் கொண்டுபோன அளவுக்கயிறு அடியைத் தொடவில்லை. கப்பலின் எஃகு வடத்தை இழை இழையாகப் பிரித்துப் புதுக் கயிறு திரித்தார்கள். அது 3,000 மீட்டருக்கும் கீழே போய்த்தான் தரை தட்டியது. மேலே உள்ள பாசியையும் கீழே உள்ள பள்ளத்தையும் அந்த ஒரே பயணம் கண்டுவிட்டது. முதலாவது இரண்டாவதற்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதை நேரில் பார்க்க நூறாண்டுக்கு மேல் ஆனது.

2012 கோடையில் துருவக் கடற்பனி, செயற்கைக்கோள் பதிவு தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்குச் சுருங்கியது. செப்டம்பரில் மிஞ்சியது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். பல ஆண்டு வயதான தடித்த பனி போய், ஓராண்டுப் பனி மெலிதாகக் கிடந்தது. அதன்மேல் எங்கும் உருகுநீர்க் குட்டைகள். அவற்றின் வழியே ஒளி தாராளமாக இறங்கியது, பாசியும் செழித்தது. பிறகு பனி உருக, பிடிமானம் போனது, கொத்துகள் மூழ்கின.

அந்தச் சமயம் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் அங்கே இருந்தது. ஆன்ட்யே போயேட்டியுஸ் தலைமையிலான குழு கடலடிக்குக் கேமராவை இறக்கியது. ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழத்தில், வெறும் சேறாக இருக்கவேண்டிய தரையில் பாசிக் கட்டிகள் சிதறிக் கிடந்தன. சில அரை மீட்டர் அகலம். சதுர மீட்டருக்குச் சராசரியாக 9 கிராம் கார்பன் வந்து சேர்ந்திருந்தது. கோல்கா என்ற கடல் வெள்ளரிகள் கட்டிகளை மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் பெரும்பகுதி தின்னப்படாமலே கிடந்தது. பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கச் சிதைக்க, அடியிலிருந்த சேற்றில் ஆக்சிஜன் வற்றியது. இதுதான் என்னை உலுக்கிய செய்தி. பனி உருகுவதன் விளைவு நாலு கிலோமீட்டர் கீழே எட்ட யுகங்கள் ஆகும் என்றுதான் நாம் எண்ணியிருப்போம். ஒரே கோடை போதுமாக இருந்தது.

இந்தப் பாசியைக் கணக்கிடுவது லேசான வேலையல்ல. வழக்கமாக உள்ளீடற்ற துளைக்குழாயால் பனியைத் தூண்போல வெட்டியெடுத்து, பாசி மிகுந்த அடிநுனியை மட்டும் அறுப்பார்கள். அதை அப்படியே உருக்கினால் உப்பளவு சட்டென்று இறங்கிச் செல்கள் வெடித்துவிடும். அதனால் வடிகட்டிய கடல்நீர் சேர்த்து, இருட்டில், மெதுவாக உருக்குகிறார்கள். குழாய்களுக்குள் வாழும் இனங்களுக்கு இது சரி. திட்டுத் திட்டாகத் தொங்கும் மெலோசிராவோ துளைக்குத் தப்பிவிடும், அல்லது தூணை இழுக்கும்போது அறுந்து போகும். பனிக்கடியில் ரோபோக் கேமராவை ஓட்டினால்தான் அதன் உண்மையான பரப்பு ஓரளவாவது பிடிபடும்.

2021இல் போலார்ஸ்டெர்ன் மறுபடி கொத்துகளைச் சேகரித்தது. அவற்றை ஆராய்ந்த மெலனி பெர்க்மான் குழு 2023இல் வெளியிட்ட முடிவு: ஒரு கன மீட்டர் பாசியில் சராசரியாக 31,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள். சுற்றியிருந்த நீரில் இருந்ததைப்போல் சுமார் பத்து மடங்கு. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியவை. குமிழிகளைப் பிடித்துவைத்த அதே வழவழப்புதான் இவற்றையும் பிடித்துவைக்கிறது. கொத்து மூழ்கும்போது துகள்களும் வழியில் எங்கும் தங்காமல் நேரே கீழே போகின்றன. பனி விளிம்புக்கு நேர்கீழே உள்ள கடலடிச் சேற்றில் பிளாஸ்டிக் ஏன் குவிந்திருக்கிறது என்பதற்கு பெர்க்மான் தரும் விளக்கம் இதுவே.