கரி பிடித்த கிண்ணமும் பட்டம் இழந்த இளவரசனும்

வெளிப்புறம் கரியாக எரிந்து, உட்புறம் மட்டும் மரத்தின் நிறத்தில் மின்னும் கிண்ணங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியரின் தொன்மையான கலை என்று கீழே எழுதியிருப்பார்கள். அது பாதிதான் உண்மை.

மரத்தை எரித்துப் பதப்படுத்துவதற்கு ஜப்பானில் யாகிசுகி என்று பெயர். (மேலை நாட்டவர் சொல்லும் 'ஷோ சுகி பான்', அதே எழுத்துகளைத் தப்பாகப் படித்ததால் வந்தது!) மூன்று சுகி மரப் பலகைகளைப் புகைபோக்கி போல முக்கோணமாகக் கட்டி நிறுத்தி, அடியில் தீ மூட்டுவார்கள். சில நிமிடங்களில் உள்பக்கம் கரியாகிவிடும். உடனே பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அந்தக் கரிப்படலம் மழையையும் பூச்சியையும் தாங்கும். ஆனால் இது மேற்கு ஜப்பானில் வீட்டுச் சுவருக்குச் செய்தது. கிண்ணத்துக்குப் பூசியது உருஷி. நம் ஊர் அரக்கு பூச்சி தருவது. உருஷி ஒரு மரத்தின் பால்.

பூச்சுக்கு முன்னால் கிண்ணத்தைக் கடைந்தவர்கள்தான் சுவாரசியமானவர்கள். கிஜிஷி என்பது அவர்கள் பெயர். மலைக்காட்டில் குடிசை போட்டு, தோச்சி, கெயாகி போன்ற மரங்களை வெட்டிக் கடைவார்கள். ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்து அச்சைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிப்பார். நல்ல மரம் தீர்ந்ததும் அடுத்த மலை. சொந்த நிலம் கிடையாது.

அப்படியானால் ஊரார் மலையில் மரம் வெட்ட யார் அனுமதித்தது? இங்குதான் இளவரசர் கொரேதகா (844-897) வருகிறார். மொந்தோகு பேரரசரின் மூத்த மகன். ஆனால் ஃபுஜிவாரா குடும்பத்தின் செல்வாக்கால் பட்டம் தம்பிக்குப் போனது. அவர் ஓமி நாட்டின் ஒகுரா பள்ளத்தாக்கில் ஒதுங்கி வாழ்ந்ததாகவும், சூத்திரச் சுருளின் உருளை சுழல்வதைப் பார்த்துக் கடைசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்ததாகவும் கிஜிஷிகள் சொன்னார்கள். மலையின் மேற்பகுதியில் எங்கும் மரம் வெட்டலாம் என்று அரச ஆணை இருப்பதாகப் பத்திரங்களும் வைத்திருந்தார்கள்.

கதை நிற்காது. 764-இல் நடந்த கலகத்துக்குப் பின், ஷோதோகு பேரரசி பத்து லட்சம் சிறு மரக் கோபுரங்களைக் கடைய வைத்துப் பத்து ஆலயங்களுக்குக் கொடுத்தார். வேலை முடிந்தது 770-இல். ஹோர்யூஜி ஆலயத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் இன்னும் இருக்கின்றன. கொரேதகா பிறக்கும் முன்பே கடைசல் இருந்ததற்கு வேறு சாட்சி வேண்டுமா? பத்திரங்களும் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்பதே ஆய்வாளர்கள் முடிவு.

ஆனால் இதை வெறும் மோசடி என்று தள்ளுவது சரியல்ல. நிலமில்லாதவனுக்கு அந்தக் காகிதம்தான் காடு. ஒகுராவிலிருந்து ஆட்கள் நாடெங்கும் போய்க் கிஜிஷிகளைப் பதிவேட்டில் எழுதிக் காணிக்கை வாங்கினார்கள். பதிலுக்குச் சான்று கொடுத்தார்கள். எடோ காலம் முழுக்க இது செல்லுபடியானது.

மெய்ஜி அரசு அதை ஏற்கவில்லை. 1872-இல் குடும்பப் பதிவேடு வந்தது, 1873-இல் நிலவரிச் சீர்திருத்தம். காடுகள் அரசுடையது, தனியாருடையது என்று பிரிக்கப்பட்டன. கிஜிஷிகள் ஓரிடத்தில் தங்க வேண்டியதாயிற்று. பலர் விவசாயிகள் ஆனார்கள். சிலர் உருஷி ஊர்களில் கடைசலைத் தொடர்ந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களில் பலருக்கு இன்றும் குடும்பப் பெயர் ஒகுரா.