மலைப்பாதை ஓட்டம்: திறமையான வீரர்களையும் வீழ்த்தும் குளிர் - 21 பேர் பலியான சீனப் போட்டியில் நடந்தது என்ன?

மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்றின் எடை சுமார் 200 கிராம். 100 கி.மீ. ஓடப் போகிறவருக்கு அதுகூட பாரமாகத் தெரியலாம். 'காலையில வெயில் நல்லாத்தானே அடிக்குது, இது எதுக்கு?' என்று தோன்றலாம்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் 21 பேர் உயிருடன் திரும்பவில்லை. மலை மேல் வீசிய கடுங்காற்றும் குளிரும்தான் காரணம். பலரிடம் அந்த ஜாக்கெட் இல்லை.

உலகம் முழுக்க வேகமாகப் பரவிவரும் இந்த விளையாட்டில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மலைப்பாதை ஓட்டம் என்றால் என்ன?

'டிரெயில் ரன்னிங்' என்று சொல்வார்கள். தார்ச்சாலையை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதை, பாறை, சேறு, புல்வெளி என மலையிலும் காட்டிலும் ஓடுவது. மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.யைத் தாண்டினால் அதற்கு 'அல்ட்ரா' என்று பெயர்.

இதில் தூரத்துக்கு இணையாகப் பார்க்கப்படுவது 'மொத்த ஏற்றம்'. 500 மீட்டர் ஏறி, இறங்கி, மறுபடியும் 500 மீட்டர் ஏறினால், கணக்கில் 1,000 மீட்டர் ஏறியதாக அர்த்தம்.

எவ்வளவு கடினம்?

இந்த விளையாட்டின் மிகப் பிரபலமான போட்டி, ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யுடிஎம்பி. பிரான்ஸின் ஷமோனி நகரில் தொடங்கி, மோன் பிளாங்க் மலையைச் சுற்றி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மீண்டும் ஷமோனிக்கே வரவேண்டும். தூரம் சுமார் 170 கி.மீ. மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். எவரெஸ்டின் உயரமே 8,849 மீட்டர்தான். இதை முடிக்கக் கொடுக்கப்படும் நேரம் 46 மணி 30 நிமிடம்.

2003ல் நடந்த முதல் போட்டியில் 722 பேர் புறப்பட்டார்கள். மோசமான வானிலையில் முடித்தவர்கள் வெறும் 67 பேர். ஆண்கள் பிரிவில் வென்றவர் நேபாளத்தில் பிறந்த தாவா ஷெர்பா. 2022ல் ஸ்பெயினின் கிலியன் ஜோர்னே 20 மணி நேரத்துக்குள் ஓடி முடித்த முதல் வீரரானார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஜிம் வாம்ஸ்லி 19 மணி 37 நிமிடத்தில் அந்த நேரத்தையும் முறியடித்தார்.

உடலுக்கு என்ன ஆகும்?

செங்குத்தான ஏற்றத்தில் பெரும்பாலானவர்கள் ஓடுவதில்லை, வேகமாக நடக்கிறார்கள். கைத்தடிகளை ஊன்றி ஏறுகிறார்கள். 'இறக்கம்னா ஈஸிதானே' என்று நினைத்தால், அங்கேதான் சிக்கலே. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசைகள் நீண்டபடியே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கின்றன. தசை இழைகள் அதிகம் சேதமாவது இப்போதுதான். பல மணி நேரம் இறங்கிய பிறகு சமதளத்தில்கூட கால்கள் ஒத்துழைக்காது.

வயிறும் பிரச்னை பண்ணும். ரத்தம் கால்களுக்குப் போவதால் செரிமானம் மந்தமாகி வாந்தி வரலாம். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாவது இரவும் தூங்காமல் ஓடுபவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவதும் உண்டு.

கான்சுவில் என்ன நடந்தது?

காலை 9 மணிக்குப் போட்டி தொடங்கியது. பலத்த காற்று வீசும் என்ற வானிலை எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஆனாலும் போட்டி நிறுத்தப்படவில்லை. இரண்டாவது சோதனை முகாமுக்கும் மூன்றாவது முகாமுக்கும் இடையே 8 கி.மீ. தூரம், சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். வாகனம் போக முடியாத பாதை. மதியம் அந்த இடத்தில்தான் ஆலங்கட்டி மழை, உறையவைக்கும் மழை, சூறாவளிக் காற்று எல்லாம் சேர்ந்து வந்தன.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அப்போது அந்த உயரத்தில் இருந்தவர்கள் பின்தங்கியவர்கள் இல்லை, முன்னணி வீரர்கள். சீனாவின் புகழ்பெற்ற அல்ட்ரா வீரர் லியாங் ஜிங்கும் இறந்தவர்களில் ஒருவர். பின்னால் வந்த பலர் நிலைமையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் வீரர்களைக் கொண்டுவந்து, நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார்.

காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அந்தப் போட்டியில் கட்டாயப் பட்டியலில் இல்லை, 'இருந்தால் நல்லது' பட்டியலில்தான் இருந்தது. சம்பவத்துக்குப் பிறகு மலை, பாலைவன ஓட்டங்கள் உள்ளிட்ட போட்டிகளை சீன அரசு நிறுத்திவைத்தது. அதிகாரிகள் பலர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

ஓடுகிறவருக்கு எப்படிக் குளிரும்?

உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்வரை உடல் ஒரு அடுப்பு மாதிரி. களைப்பாலோ, சுளுக்காலோ, காற்றை எதிர்த்துப் போக முடியாமலோ வேகம் குறைந்தால் அந்த அடுப்பு அணையத் தொடங்கும். அதே நேரம் வியர்வையிலும் மழையிலும் நனைந்த உடையும் வீசும் காற்றும் இருக்கிற வெப்பத்தை உறிஞ்சும். தவிர, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது 'ஹைப்போதெர்மியா'. முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், நடை தடுமாறும், யோசனை மழுங்கும். ஜாக்கெட்டை எடுத்துப் போட வேண்டும் என்பதே மூளைக்குத் தோன்றாது. தோன்றினாலும் விறைத்த விரல்கள் ஜிப்பைத் திறக்காது. நடுக்கம் நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, நிலைமை மோசமாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் ஒருவருக்கு இப்படி ஆனால் காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையை மாற்றி, போர்த்திவிடுங்கள். நினைவு இருந்தால் சூடான இனிப்பு பானம் கொடுக்கலாம். மது கூடாது. கை கால்களைத் தேய்க்கவும் கூடாது. உடனே உதவிக்கு அழையுங்கள்.

எப்படித் தவிர்ப்பது?

யுடிஎம்பியில் தலைக்கவசத் தொப்பியுடன் கூடிய மழை ஜாக்கெட், இரண்டு தலைவிளக்குகள், வெப்பம் காக்கும் போர்வை, விசில், குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர், உணவு, செல்போன் இதெல்லாம் கட்டாயம். வழியில் பையைத் திறந்து சோதிப்பார்கள். 2010ல் வானிலை காரணமாக, தொடங்கிய சில மணி நேரத்திலேயே போட்டியை நிறுத்தினார்கள். 2012ல் தூரத்தைச் சுமார் 100 கி.மீ.யாகக் குறைத்தார்கள்.

போட்டிக்குப் பதிவு செய்யும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கட்டாயப் பொருட்கள் பட்டியல் இருக்கிறதா? முகாம்களுக்கு இடையே மீட்புக் குழு எப்படி வரும்? வானிலை மாறினால் போட்டியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? பதில் மழுப்பலாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் மலைகளில் ஓடலாமா?

காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. நடந்து பழக விரும்புபவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. வழிகாட்டியோடு போகலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் சிறிய குன்றுகளில் ஏறி இறங்கிப் பழகுங்கள். தனியாகப் போகாதீர்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வானம் கருத்தால் திரும்பிவிடுங்கள். ஜாக்கெட் பையில் இருக்கட்டும், காற்று ஏறத் தொடங்கியதுமே, நடுக்கம் வருவதற்கு முன்பே, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.