விண்மீனின் கதிரும் கோளின் வளியும்: ஒரு கருத்தின் வரலாறு

ஒரு கோள் வளிமண்டலத்தைக் கொண்டிருக்குமா என்பதை அக்கோளின் ஈர்ப்பே தீர்மானிக்கின்றது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1898 ஆம் ஆண்டில் ஐரிஷ் அறிஞர் ஜோர்ஜ் ஜோன்ஸ்ரன் ஸ்ரோனி வெளியிட்ட ஆய்வு இதற்கு உறுதியான வடிவம் அளித்தது. (இலத்திரன் என்ற பெயரை வழங்கியவரும் இவரே.) வாயு மூலக்கூறுகளின் வேகம் கோளின் தப்பல் வேகத்தை எட்டுமாயின் அவை வெளியிற் சென்று மறையும், சந்திரன் வளியற்றுக் கிடப்பது அதனாலேயே என அவர் விளக்கினார். பின்னர் ஜேம்ஸ் ஜீன்ஸ் இதனைக் கணிதமுறையிற் செம்மைப்படுத்தினார். எனினும் இக்கணிப்புகளிற் சூரியன் ஓர் அடுப்பாகவே நின்றது. அது எவ்வகைக் கதிரை வீசுகின்றது என்ற வினா எழவில்லை. எழுந்திருப்பினும் விடைகாணக் கருவி இருக்கவில்லை. வளிமண்டலத்தைச் சிதைக்கவல்ல கதிர்களை வளிமண்டலமே விழுங்கிவிடுவதால் அவற்றை நிலத்திலிருந்து அளத்தல் இயலாது.

அக்கருவி போரின் வழியே வந்தது. 1946 ஒக்டோபரில், ஜேர்மனியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட வீ-2 ஏவுகணை ஒன்றை நியூ மெக்சிக்கோவிலிருந்து ஏவி, ரிச்சர்ட் ரௌசி குழுவினர் சூரியனின் ஊதாக் கடந்த நிறமாலையைப் பதிவுசெய்தனர். மிற்றல்பௌ-டோரா முகாமின் கைதிகள் நிலக்கீழ்ச் சுரங்கங்களில் மடிந்து மடிந்து உருவாக்கிய ஆயுதம் அது. அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இதனை அடிக்குறிப்பாக்கி நகர்வது ஏற்புடையதன்று. குற்றலைக் கதிர்கள் மேல்வளியால் உறிஞ்சப்பட்டு அதனை ஏறத்தாழ 1000 கெல்வின் வரை சூடாக்குகின்றன என்பதும், ஐதரசன் போன்ற இலேசான வாயுவின் தப்பலுக்கு நிலத்தின் வெப்பத்தினும் இவ்வெப்பமே முதன்மையானது என்பதும் இத்தகைய அளவீடுகளாலேயே தெளிவுற்றன.

1981 இல் வற்சன், டொனகூ, வோக்கர் ஆகியோர் மேலும் ஒரு படி சென்றனர். இளஞ்சூரியனின் கதிர் கடுமையாயிருந்த காலத்தில் ஐதரசன் ஒவ்வொரு மூலக்கூறாகவன்றி, காற்றோட்டமாகவே வெளியேறியிருக்கலாம் என அவர்கள் காட்டினர். வெள்ளியில் பார ஐதரசனின் விகிதம் புவியினதைவிட ஏறத்தாழ 100 மடங்கு என்னும் முடிவு மறு ஆண்டே வெளிவந்தது. இலேசான ஐதரசன் போய்விட, பாரமானது எஞ்சியது. வெள்ளி இழந்த நீரின் தடயம் அது.

இன்று இவ்வினா தொலைக்கோள்களுக்குப் பெயர்ந்துள்ளது. 2017 இல் ஏழு கோள்களுடன் அறிவிக்கப்பட்ட ட்ராப்பிஸ்ற்-1 ஒரு செங்குறுவிண்மீன். இவ்வகை விண்மீன்கள் இளமையிற் பல கோடி ஆண்டுகள் மிகு ஒளியுடன் எரிவன. எக்ஸ் கதிர் வீச்சும் நெடிது நீடிப்பது. அதன் உட்கோளான பி-யின் பகற்புறம் ஏறத்தாழ 500 கெல்வின் என 2023 இல் வெப் தொலைநோக்கி அளந்தது. வெப்பத்தை இராப்புறம் கொண்டுசெல்லும் வளி இல்லாத வெறும் பாறைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவு அது. ஆயினும் வேறோர் அலைநீளத்தில் எடுத்து 2024 இல் வெளியிட்ட அளவீடு, புகார் செறிந்த வளிமண்டலத்துக்கும் இடம் வைக்கின்றது. அதே ஆண்டில் 55 கான்சிரி ஈ என்னும் கொதிக்கும் பாறைக்கோளில் காபன் வாயுக்கள் இருப்பதற்குச் சான்று கிடைத்தது. தன் விண்மீனை 18 மணித்தியாலத்துக்குள் சுற்றிவரும் அக்கோளில், கதிர் பறிப்பதை உருகிய பாறைக் கடல் மீண்டும் ஈடுசெய்கின்றது எனக் கருதப்படுகின்றது.