ஏழே வருசம் வாழ்ந்த டர்போ பைக்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை தாண்டி பிபிலைக்கு இறங்குற ரோட்டில் ஓடும் லொறிகளைக் கவனிச்சுப் பாருங்க. பாதி லொறியில 'டர்போ'ன்னு எழுதியிருக்கும். ஏத்தத்துல டிரைவர் அக்சிலேட்டரை மிதிச்சா எஞ்சின் சத்தத்துக்கு மேல ஒரு விசில் சத்தம் கிளம்பும். லொறியில இருக்கு, பஸ்ஸில இருக்கு, ஜப்பான் ரீகண்டிஷன் கார்களிலும் இருக்கு. நம்ம பசங்க பைக்கில் மட்டும் அந்தச் சொல் ஸ்டிக்கராகத்தான் இருக்கு. ஏன்?

பைக்கில் டர்போ வந்ததே இல்லை என்று நினைச்சுடாதீங்க. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி நாலு கம்பனியும் 1982க்கும் 1985க்கும் இடையில் டர்போ பைக் செய்து வித்தன. நாலும் நிறுத்திக்கொண்டன. டர்போ வேலை செய்யாததால் நிறுத்தினார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பிரச்சினையைத் தீர்த்தா அடுத்தது வந்து நின்னது. கடைசியில எல்லாத்தையும் தீர்த்து முடிச்ச நேரம், அந்தச் சாமானே யாருக்கும் தேவைப்படாமல் போனது. அந்தக் கதைதான் இது.

முதல்ல அடிப்படை. எஞ்சினின் பலம் பெற்றோலில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கு. பெற்றோலை எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம். அதை எரிக்கக் காற்று உள்ளே போகணும். சாதாரண எஞ்சின் பிஸ்டன் இறங்கும்போது தன்னால் இழுக்க முடிந்ததை மட்டும் இழுக்கும். டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு பக்கமும் பொருத்தின இரண்டு சின்னச் சக்கரம். சைலன்சர் வழியா வீணாப் போற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அந்தச் சுத்தில் மறுபக்கச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெற்றோலும் கூட்டலாம், பலமும் கூடும்.

சுவிட்சர்லாந்து எஞ்சினியர் அல்பிரெட் பூகி இதற்கு 1905இல் காப்புரிமை எடுத்தார். ஆனா கப்பல் எஞ்சின்களில் அது உருப்படியா வேலை செய்ய இன்னும் இருபது வருசம் ஆனது. அதற்கு நடுவில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை மலைநாட்டு ஆளுங்களுக்கு உடனே புரியும். உயரம் போகப் போகக் காற்று மெலியும். நம்ம பட்டிப்பொலை ஸ்டேசன் 1,891 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். கொழும்பில் சரியா ஓடின பைக் அங்கே மூச்சு வாங்குவது அதனால்தான். முதலாம் உலக யுத்த காலத்தில் விமானங்களுக்கும் இதே தொல்லை. 1918இல் சான்போர்ட் மொஸ் என்ற எஞ்சினியர் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லொறியில் ஏத்தி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டு போனார். கீழே 350 குதிரைவலு கொடுத்த எஞ்சின் மேலே 230தான் கொடுத்தது. டர்போ பூட்டினதும் 356.

காற்றைத் தள்ள இன்னொரு வழியும் இருக்கு. நம்ம மலைப் பாதையில் ஓடின கனடா எஞ்சின்கள், அதாவது 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த எம்2 ரயில் எஞ்சின்களில், எஞ்சினின் கிராங்க்கோடு பல்சக்கரத்தால் இணைத்த புளோவர் இருக்கு. எஞ்சின் சுத்தினால் அதுவும் கூடவே சுத்தும், தாமதமே இல்லை. ஆனா அதைச் சுத்த எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு போகும். டர்போ ஓடுவது வீணாப் போற புகையில். அதனால் புகை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பிறகு தேவைப்படும்.

லொறிக்கு டர்போ சுலபமாக ஒத்துவந்தது. சுவிட்சர்லாந்தின் சௌரர் கம்பனி 1938இலேயே லொறி எஞ்சினுக்குப் பூட்டியது. டீசல் எஞ்சின் காற்றை மட்டும் அமுக்கி, கடைசி நொடியில்தான் டீசலைப் பீச்சும். பெற்றோல் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கலந்தே அமுங்கும். அளவுக்கு மீறி அமுக்கினா, சூட்டில் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்று சொல்றது இதைத்தான். பிஸ்டனில் ஓட்டை விழ இது போதும்.

1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் காரில் இதற்கு ஒரு வினோதமான மருந்து வைத்தார்கள். தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்துக் குளிர வைத்தார்கள். சின்னத் தாங்கி தீர்ந்தா காரின் சொந்தக்காரர்தான் நிரப்பணும். நிறையப் பேர் நிரப்பவில்லை. அடுத்த வருசத்தோடு ஜெட்பயரும் போனது.

பைக்குக்கு வருவோம். 1978இல் அமெரிக்காவில் கவாசாகி இசட்1-ஆர் பைக்கை வாங்கி, டர்போ பூட்டி, டீலர்கள் மூலமாகவே வித்தார்கள். பெயர் இசட்1-ஆர் டீசி. சுமார் 90 குதிரைவலு பைக் 130 அளவுக்குப் போனது. இரண்டு வருசத்தில் வெளிவந்தது ஏறக்குறைய 500 பைக்தான். வாரண்டி கிடையாது, வாங்குறவர் அதை ஏத்துக்கொண்டு கையெழுத்துப் போடணும். அந்த பைக்கின் கிராங்க் துண்டு துண்டா அழுத்திப் பூட்டினது. கூடின பலத்தில் அது முறுக்கிக்கொள்ளக் கூடும் என்பதால் வெல்டிங் பண்ணச் சொன்னார்கள். பூஸ்ட் அளவைக் கூட்டிக் குறைக்க வழியும் இருந்தது. இளவட்டம் கையில் கூட்டுற வழி கிடைச்சா குறைக்கவா போகுது?

டர்போவைப் பூட்டுவது ஒரு கராஜில் முடியுற வேலை என்பதை அந்த பைக் காட்டியது. எஞ்சினை அதோடு வாழ வைப்பதுதான் பெரிய வேலை. அடுத்து வந்த நாலு கம்பனியும் அந்த வேலையில் ஆளுக்கொரு பக்கம் இறங்கின.

ஹோண்டா 1982இல் சிஎக்ஸ்500 டர்போவைக் கொண்டு வந்தது. இரண்டு சிலிண்டர், 497 சீசீ. டர்போவுக்கு விட்டு விட்டு வர்ற புகை பிடிக்காது, சீரா வரணும். சிலிண்டர் குறைந்தா புகையும் விட்டு விட்டுத்தான் வரும். கஷ்டமான எஞ்சினில் வெற்றி பெற்றா மற்றதெல்லாம் சுலபம் என்பது ஹோண்டாவின் கணக்கு. ஐஎச்ஐ கம்பனி அதற்காகச் செய்த டர்போவின் சக்கரம் 5 சென்ரிமீற்றர் அளவுதான். நாக்கிங்கைத் தடுக்க, சாதாரண சிஎக்ஸ்500இல் 10:1 ஆக இருந்த கம்ப்ரஷனை 7.2:1 ஆகக் குறைத்தார்கள். கார்பரேட்டரைத் தூக்கிவிட்டு, கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் இன்ஜெக்ஷன் வைத்தார்கள். பலன், 500 சீசீயில் 82 குதிரைவலு.

ஆனா பாருங்க, கம்ப்ரஷனைக் குறைத்ததும் அடுத்த பிரச்சினை வந்தது. பூஸ்ட் வராத நேரத்தில் அந்த எஞ்சின் சோம்பேறி. அதோடு பைக் 240 கிலோவுக்கு மேல். அடுத்த வருசமே ஹோண்டா எஞ்சினை 674 சீசீயாக்கி, கம்ப்ரஷனை 7.8:1 ஆக உயர்த்தி, பூஸ்டைக் குறைத்து 100 குதிரைவலு எடுத்தது. அதாவது டர்போ பைக்கைத் திருத்த எஞ்சினைப் பெருசாக்க வேண்டி வந்தது.

யமஹா எக்ஸ்ஜே650 டர்போவில் கார்பரேட்டரையே வைத்துக்கொண்டது. டர்போ தள்ளுற காற்று கார்பரேட்டருக்குள் அமுக்கத்தோடு நுழையும். அப்போ பெற்றோல் தன் பாட்டுக்கு இறங்காது. அதனால் பம்ப் வேணும், கார்பரேட்டரின் உள்ளேயும் அதே அமுக்கம் இருக்கணும். பூஸ்ட் இல்லாத நேரம் எஞ்சின் டர்போவைச் சுத்திப் போகாமல் நேராகக் காற்று இழுக்க ஒரு வால்வும் வைத்தார்கள்.

சுசுகி பிடித்தது சூட்டை. 1983இல் வந்த எக்ஸ்என்85இல் பிஸ்டனின் அடிப்பக்கம் எஞ்சின் ஒயிலைப் பீச்சிக் குளிர வைத்தது. பெயரிலுள்ள 85 அதன் குதிரைவலு. டர்போவின் தண்டு தாங்குவதும் ஒயிலில்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல் சுத்துற தண்டு அது. கடுமையா ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்தினா ஒயில் ஓட்டம் நிக்கும், டர்போவின் சூடு நிக்காது. தங்கின ஒயில் கருகி அடைக்கும். நம்ம லொறி அண்ணன்மார் வண்டியை நிறுத்தினதும் ஒரு நிமிசம் சும்மா ஓட விடுவது இதற்குத்தான்.

இனி கடைசிப் பிரச்சினை. ஓட்டுறவனின் உயிரோடு சம்பந்தப்பட்டது இதுதான். அக்சிலேட்டரைத் திருகினா புகை கூடி, சக்கரம் வேகம் எடுத்து, பூஸ்ட் வர ஒரு நொடியோ கொஞ்சம் கூடவோ ஆகும். இதை லேக் என்று சொல்வார்கள். காரில் இது எரிச்சல் மட்டும்தான், நாலு சக்கரம் இருக்கு. பைக் வளைவில் சரிந்து நிக்கும்போது நீங்க கேட்ட பலம் கேட்ட நேரத்தில் வராமல், ஒரு நொடி கழித்து மொத்தமா வந்து பின் டயரில் இறங்கினா? டயர் வழுக்கும், அல்லது வளைவை விட்டு வெளியே தள்ளும். பசறை 13ஆம் கட்டையை 2021க்குப் பிறகு நம்ம ஊரில் யாரும் சாதாரணமா கடந்து போறதில்லை. இந்த ரோட்டில் ஒரு நொடி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

லேக்கை அதிகம் குறைத்தது கவாசாகி. 1984 மாடலாக வந்த ஜிபிஇசட்750 டர்போவில், புகை வெளியேறுற வாய்க்குப் பக்கத்திலேயே, எஞ்சினுக்கு முன்னால் டர்போவை வைத்தது. பாதை குட்டையானதால் புகையின் சூடும் வேகமும் குறையுறதுக்கு முன்னாடி சக்கரத்தை அடிக்கும். 738 சீசீயில் 112 குதிரைவலு. நாலு பைக்கில் இதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள்.

அப்படின்னா ஏன் செத்தது? அதே 1984இல் அதே கவாசாகி ஜிபிஇசட்900ஆர் என்ற பைக்கை இறக்கியது. 908 சீசீ, தண்ணீரால் குளிரும் எஞ்சின், 16 வால்வு, ஏறக்குறைய 115 குதிரைவலு. டர்போ இல்லை, லேக் இல்லை, கருகுற ஒயில் இல்லை. அடுத்த வருசம் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750ஐ விட்டது. 100 குதிரைவலு, எடை 180 கிலோவுக்கும் குறைவு. எக்ஸ்என்85இல் படித்த ஒயில் குளிர்த்தல் பாடம் இதில் முழு உருவம் எடுத்தது. அமெரிக்காவில் 1983இல் 700 சீசீக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்குப் பெரிய வரி போட்டபோது, சின்ன எஞ்சினில் பெரிய பலம் தரும் டர்போவுக்கு ஒரு வாய்ப்பு வந்த மாதிரி இருந்தது. அதுவும் காப்பாற்றவில்லை. 1985க்குப் பிறகு நாலு கம்பனியும் ஒதுங்கின. காரில் எஞ்சினைப் பெருசாக்கினா எடை, வரி, பெற்றோல் செலவு எல்லாம் ஏறும், அதனால் அங்கே டர்போவுக்கு வேலை இருக்கு. பைக்கில் 200 சீசீ கூட்டுவது டர்போ பூட்டுவதை விட மலிவு, எடையும் குறைவு.

லேக் என்ற கேள்வி மட்டும் தொடர்ந்தது. 2015இல் கவாசாகி நிஞ்சா எச்2 பைக்கில் மறுபடி காற்றைத் தள்ளியது, ஆனா டர்போவால் இல்லை. கிராங்க்கிலிருந்தே பல்சக்கரத்தால் சுத்துற சுப்பர்சார்ஜர். நம்ம எம்2 ரயில் எஞ்சினின் புளோவரை இங்கே நினைச்சுக்கங்க, கருவி வேறு, வழி அதேதான். ஹோண்டா 2024 மிலான் கண்காட்சியில் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் காட்டியது. அதில் காற்றைத் தள்ளுவது மின்சார மோட்டார். புகைக்கும் காத்திருக்க வேண்டாம், கிராங்க்கையும் நம்ப வேண்டாம்.

இப்போ நம்ம ஊர்க் கேள்வி. பஞ்சிகாவத்தையில் ஜப்பான் 660 சீசீ கார்களின் குட்டி டர்போ கிடைக்கும், அதை 150 சீசீ பைக்கில் பூட்டினா என்ன? கணக்குப் போட்டுப் பாருங்க. 660 சீசீ எஞ்சின் 6,000 சுத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,980 லீற்றர் காற்று இழுக்கும். 150 சீசீ பைக் 8,000 சுத்தில் 600 லீற்றர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த டர்போவுக்கு நம்ம பைக்கின் புகை பெரும்பாலான நேரம் போதாது. போதுமான அளவு வர்ற நேரம், ஒற்றை சிலிண்டரின் புகை விட்டு விட்டு வரும். கம்ப்ரஷன் 9, 10 என்று உயரத்திலேயே இருக்கும், ஒயில் பம்ப் இன்னொரு தண்டைத் தாங்கும் அளவில் செய்யப்படவில்லை, பிரேக்கும் டயரும் பழைய பலத்துக்குப் போட்டது. ஹோண்டா சந்தித்த அத்தனை பிரச்சினையும் கம்பியூட்டர் இல்லாமல் ஒரே நாளில் வந்து நிக்கும்.

இதைச் சொல்றது கை வைக்காதீங்க என்பதற்காக இல்லை. கராஜில் ஸ்பானர் பிடிக்கிற நம்ம பசங்களுக்கு எஞ்சின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லத் தெரியும். அந்த அறிவோடு இந்தக் கணக்கும் சேரணும். ஆசை அடங்கலைன்னா, ஓடாத பழைய எஞ்சின் ஒன்றை ஸ்டாண்டில் ஏத்தி, அமுக்கம் காட்டும் மீற்றர் பூட்டி, கம்ப்ரஷனைக் குறைத்து, அங்கே சோதிச்சுப் பாருங்க. பிஸ்டன் போனா போகட்டும். ரோட்டுக்குக் கொண்டு வராதீங்க.